மேல் வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்கு ஃபைபர் இழுக்கும் முறை

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரே காணியில் இரண்டு வீடு என்றால் ஒன்று மேட்டில் இருக்கும், மற்றது பள்ளத்தில் இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான், மேல் வீட்டில் இன்டர்நெட் ரவுட்டர், 70 மீட்டர் கீழே தம்பி வீடு. முதலில் கேட்-6 செப்புக் கேபிளைத்தான் இழுத்தோம், 100 மீட்டர் வரைக்கும் அது போதும், நன்றாகவே வேலையும் செய்தது. சித்திரையில் ஒரு பின்னேரம் பக்கத்து மரத்தில் மின்னல் விழ, இரண்டு வீட்டிலும் இருந்த நெட்வொர்க் சுவிட்ச்கள் ஒரே நேரத்தில் எரிந்துபோயின. மின்னல் நேரத்தில் இரண்டு கட்டிடத்து நிலத்துக்கும் நடுவில் பெரிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகும், இடையில் செம்பு கிடந்தால் அது அந்த வழியாகப் பாய்ந்துவிடும். அதனால்தான் ஃபைபர். அது ஒளியில் தகவலைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி முழங்கும் நம் ஊருக்கு வேகத்தைவிட இதுதான் முக்கியம்.

ஆனால் கவனம், கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் கறுப்பு டிராப் கேபிள் பலவற்றில் பாரம் தாங்க ஓர் இரும்புக் கம்பி ஓடும். அதைப் போட்டால் மின்னலுக்கு மறுபடியும் வழி விட்ட மாதிரி. உலோகமே இல்லாத, வெளியில் போடக்கூடிய சிங்கிள் மோட் கேபிள் வேண்டும் என்று கேளுங்கள், இரண்டு முனையிலும் எஸ்சி கனெக்டர் (சதுரமான செருகி) பொருத்தியதாகவே வாங்கிவிட்டால் இழையை ஒட்டும் மெஷின் தேவையில்லை. வழி நெடுக கயிறு பிடித்து அளந்து, அதற்கு மேல் 10 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். நீல நிற கனெக்டரும் பச்சை நிறமும் ஒன்றோடொன்று சேராது, இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டரில் (ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் சிறு பெட்டி, வீட்டுக்கு ஒன்று) இருக்கும் நிறமே இருக்கட்டும். போகவும் வரவும் ஒரே இழையில் நடக்கும் ஒற்றை இழை கன்வெர்ட்டர் என்றால் ஒன்று ஏ, ஒன்று பி என்று சோடியாக வரும், ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பினால் மற்றது 1550-இல் அனுப்பும். இரண்டு ஏ வாங்கிவிட்டால் லைட் எரியவே எரியாது.

அப்புறம் குழி. மலையில் பாதி வேலை இதுதான். சரிவில் நேர்கீழாக வெட்டாதீர்கள், மழைக்காலத்தில் அதுவே கானாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும். சாய்வாக, சுற்றிப் போனாலும் பரவாயில்லை, ஒன்றரை அடி ஆழம் வெட்டி, 1 அங்குல பிவிசி குழாய் போட்டு, மண்ணைப் படிப்படியாக இடித்து மூடுங்கள். பாறை வந்தால் அலவாங்கோடு மல்லுக்கட்டாமல் வளைந்து போங்கள், ஆனால் முழங்கை வளைவு வேண்டாம், நீண்ட வளைவுதான் வேண்டும். கேபிள் தடிப்பைப் போல் 20 மடங்குக்குக் குறைவான ஆரத்தில் இழுக்கும்போது மடங்கினால் உள்ளே கண்ணாடி கெட்டுவிடும். கரண்ட் வயர் இருக்கும் குழாயில் இதைச் சேர்க்காதீர்கள்.

குழாய்க்குள் எப்படியும் தண்ணீர் வரும். வந்த தண்ணீரெல்லாம் கீழ் வீட்டுக்குத்தான் ஓடும், அதனால் சுவருக்கு வெளியே குழாயின் ஆகத் தாழ்ந்த இடத்தில் சிறு ஓட்டை போட்டுச் சரளைக்கல் நிரப்புங்கள், அதற்குப் பிறகு குழாயை மேலே ஏற்றிச் சுவருக்குள் விடுங்கள். சுவர் ஓட்டையைச் சிலிக்கனால் அடைத்துவிடுங்கள், மேல் முனையையும்தான்.

குழாயை ஒட்டும்போதே நைலோன் கயிற்றை உள்ளே விட்டுக்கொண்டு வாருங்கள். கனெக்டரைப் பிடித்து ஒருபோதும் இழுக்கக் கூடாது, கேபிளுக்குள்ளே இருக்கும் மஞ்சள் நாரில்தான் கயிற்றைக் கட்ட வேண்டும். கனெக்டரைப் பொலித்தீனில் சுற்றி டேப் ஒட்டி, மேலே ஒருவர் விட, கீழே ஒருவர் மெதுவாக இழுக்கட்டும். மிச்சக் கேபிளைத் தட்டளவு வட்டமாகச் சுருட்டிச் சுவரில் மாட்டுங்கள்.

கன்வெர்ட்டரில் செருகும் முன் முனையைத் துடைக்கும் துணியால் ஒருமுறை துடையுங்கள், ஒரு தூசி போதும் கோளாறு காட்ட. முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே வேண்டாம், அந்த ஒளி தெரியாது, கண்ணுக்குக் கெடுதி. இரண்டு பக்கமும் ஃபைபர் லைட் எரிந்தால் சரி. எரியாவிட்டால் முதலில் ஏ, பி-யைப் பாருங்கள், அடுத்து முனையை மறுபடி துடையுங்கள், அப்புறம்தான் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

கேபிளோடு இன்னொரு கயிற்றையும் சேர்த்து இழுத்து உள்ளேயே விட்டுவிடுங்கள். நாளைக்கு கேமராவுக்கு இன்னொரு கேபிள் வேண்டுமென்றால் மறுபடியும் குழி தோண்ட வேண்டாம்.