ஸ்பானிஷில் 'செய்திருக்கிறேன்': பிரெஞ்சை விட்டுத் தமிழிலிருந்து தொடங்குவோம்

அக்கா மகள் மொரிஷியஸின் காத்ர் போர்ன் நகரில் எங்கள் வீட்டு மேசையில் ஸ்பானிஷ் பயிற்சி எழுதிக்கொண்டிருந்தாள். 'போயிருக்கிறேன்' என்பதற்கு 'சோய் ஈதா' என்று எழுதியிருந்தாள். பிரெஞ்சின் 'ஜ சுயி ஸாலே' அப்படியே ஸ்பானிஷ் சட்டை போட்டு வந்துவிட்டது. மொரிஷியஸ் பிள்ளைகளுக்கு இந்தத் தவறு மிக எளிதாக வரும். பிரெஞ்சு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது அல்லவா? ஆனால் இந்த இடத்தில் அதைவிட நல்ல வழிகாட்டி தமிழ்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

'சாப்பிட்டிருக்கிறேன்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'சாப்பிட்டு' மாறாது. 'இருக்கிறேன், இருக்கிறாய், இருக்கிறார்கள்' என்று பின்பகுதிதான் ஆளுக்கேற்ப மாறும். ஸ்பானிஷிலும் அதே இரண்டு துண்டுகள்தான், வரிசை மட்டும் தலைகீழ்.

படி 1: 'இருக்கிறேன்' பகுதி. இதற்கான துணைவினை 'அபேர்'. நான் என்றால் 'ஏ', நீ 'ஆஸ்', அவன் அல்லது அவள் 'ஆ', நாங்கள் 'ஏமோஸ்', நீங்கள் (நெருங்கிய பலரிடம்) 'ஆபெயிஸ்', அவர்கள் 'ஆன்'. 'நீங்கள்' என்று மரியாதையாக ஒருவரிடம் பேசும்போது 'ஆ', பலரிடம் என்றால் 'ஆன்'. கிரியோலில் 'மோ ஃபின் மாஞ்ஜே, தோ ஃபின் மாஞ்ஜே' (நான் சாப்பிட்டிருக்கிறேன், நீ சாப்பிட்டிருக்கிறாய்) என்று 'ஃபின்' யாருக்கும் மாறாமல் நிற்கும். அந்தச் சலுகை இங்கே இல்லை. இந்த ஆறையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

படி 2: 'சாப்பிட்டு' பகுதி. 'ஆர்' என்று முடியும் வினைக்கு 'ஆதோ': ஆப்லார் (பேசு), ஆப்லாதோ. 'ஏர்', 'ஈர்' என்று முடிபவற்றுக்கு 'ஈதோ': கொமேர் (சாப்பிடு), கொமீதோ, சலீர் (வெளியே போ), சலீதோ. இந்த 'தோ'வை 'அது' என்பதில் வரும் 'து' போல மெதுவாக உச்சரியுங்கள். தமிழ் நாக்குக்கு அது தானாகவே வரும். விதியை மீறுபவை சில உண்டு: ஏச்சோ (செய்து), தீச்சோ (சொல்லி), வீஸ்தோ (பார்த்து), எஸ்க்ரீத்தோ (எழுதி). அடிக்கடி வருபவை என்பதால் விரைவில் பழகிவிடும்.

படி 3: சேர்ப்பது. 'ஏ கொமீதோ', சாப்பிட்டிருக்கிறேன். பிரெஞ்சு பழகியவர் கவனிக்க வேண்டியவை இங்கேதான் இருக்கின்றன.

பிரெஞ்சில் 'அவள் வெளியே போயிருக்கிறாள்' என்பது 'எல் எ சோர்த்தி'. துணைவினை 'எத்ர்', பெண்ணுக்கென்று எழுத்தும் மாறும். ஸ்பானிஷில் 'எயா ஆ சலீதோ'. எந்த வினையானாலும் அபேர் மட்டுமே; ஆணோ பெண்ணோ 'தோ' மாறவே மாறாது. அக்கா மகள் எழுதியிருக்க வேண்டியது 'ஏ ஈதோ'.

இன்னொன்று, இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் எதையும் செருகக்கூடாது. பிரெஞ்சில் 'ஏற்கெனவே', 'இல்லை' எல்லாம் நடுவில் நுழையும். ஸ்பானிஷில் 'யா ஏ கொமீதோ' (ஏற்கெனவே சாப்பிட்டிருக்கிறேன்), 'நோ ஏ கொமீதோ' (சாப்பிடவில்லை) என்று முன்னால்தான் நிற்கும். 'சாப்பிட்டு'க்கும் 'இருக்கிறேன்'னுக்கும் நடுவில் நாம் எதையாவது வைக்கிறோமா?

படி 4: எப்போது? காவடி நோன்பு வாரத்தை எடுத்துக்கொள்வோம். வாரம் இன்னும் முடியவில்லை, வீட்டில் இறைச்சி இல்லை. அப்போது 'எஸ்தா செமானா நோ ஏ கொமீதோ கார்னே', இந்த வாரம் நான் இறைச்சி சாப்பிடவில்லை. காவடி எடுத்து, ஏழு கறி விருந்தும் முடிந்து, அடுத்த வாரம் வந்துவிட்டதா? இனி அது 'லா செமானா பசாதா நோ கொமீ கார்னே', போன வாரம் நான் இறைச்சி சாப்பிடவில்லை. நடந்தது ஒன்றுதான்; வாரத்தின் கதவு மூடியதும் வினை மாறிவிட்டது. இன்று, இந்த வாரம், இந்த ஆண்டு என்று கதவு திறந்திருந்தால் 'ஏ கொமீதோ'. நேற்று, போன ஆண்டு என்று மூடிவிட்டால் 'கொமீ'. பிரெஞ்சுப் பேச்சில் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரே வடிவம் என்பதால் நம்மவர் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

தமிழும் இங்கே முழுத் துணை வராது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 'இன்று காலை சாப்பிட்டேன்' என்றுதான் நாம் சொல்வோம். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அதற்கும் 'ஏ கொமீதோ'தான். லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளிலோ நம்மைப் போலவே 'கொமீ' என்று முடித்துவிடுவார்கள். உங்கள் பாடநூல் எந்தப் பக்கத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று இரவு தூங்கப் போகும் முன் 'ஓய்' (இன்று) என்று தொடங்கி ஐந்து வாக்கியங்கள் எழுதுங்கள். நாளை காலை அவற்றையே 'அயேர்' (நேற்று) என்று தொடங்கித் திருத்தி எழுதுங்கள்.