கட்டிலருகே ஸ்கான்: விபத்துப் பிரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயலில் உழவு இயந்திரம் கவிழ்ந்து வயிற்றில் அடிபட்ட ஒருவர் வருகிறார். கட்டிலருகே அல்ட்ராசவுண்ட் ஸ்கான் செய்கிறோம். இரத்தமோ நீரோ இருந்தால் திரையில் கறுப்பாகத் தெரியும். ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே கறுப்பாக எதுவும் தெரியவில்லை. "வயிற்றில் இரத்தக் கசிவு இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடம் போவதைவிட ஆபத்தான தவறு இந்தக் கருவியில் வேறில்லை.

வயிற்றறையில் இரத்தம் ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் சேரும்வரை பெரும்பாலும் திரையில் பிடிபடாது. அடிபட்ட உடனேயே கொண்டுவரப்பட்டவருக்கு அவ்வளவு சேர்ந்திருக்காமல் இருக்கலாம். குடல் கிழிந்திருந்தாலும், இடுப்பெலும்பு முறிந்து வயிற்றறைக்குப் பின்னால் இரத்தம் கசிந்தாலும் ஸ்கான் காட்டாமல் விடலாம். ஆகவே அதே இடங்களைச் சிறிது நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நாடித் துடிப்பு ஏறினாலோ நோவு கூடினாலோ உடனே பாருங்கள். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். பரந்தன் சந்தியைத் தாண்டியபின் அம்புலன்சில் இரத்த அழுத்தம் விழுந்தால் நோயாளிக்கு யார் துணை?

பார்க்கும் இடத்திலும் பிசகு நேர்கிறது. வலப்பக்கம் ஈரலின் கீழ்நுனிவரை இறங்கிப் பார்க்க வேண்டும். இரத்தம் முதலில் அங்கேதான் தென்படுவதுண்டு. இடப்பக்கம் மண்ணீரலுக்கும் உதரவிதானத்துக்கும் நடுவில் தேட வேண்டும். அதற்குக் கருவியைப் பிடித்த கை மெத்தையில் உரசும் அளவுக்குப் பின்னால் போக வேண்டும். பலர் விலாவோடு நின்றுவிடுகிறார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போதே இடுப்புக்குழியைப் பாருங்கள். கதீற்றர் போட்டு வடித்துவிட்டால் அந்தப் பகுதி சரியாகத் தெரியாது. உறைந்த இரத்தம் கறுப்பாக அல்ல, சாம்பல் நிறமாகத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

திரையில் தெரிகிற நீரெல்லாம் இரத்தமும் அல்ல. மாரி காலத்தில் டெங்கு வந்தவரின் வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் கசிந்திருக்கலாம். காய்ச்சலோடு மயங்கி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவரும் நம்மிடம்தான் வருவார். மதுவால் ஈரல் கெட்டவர்களுக்கும் வயிற்றில் நீர் இருக்கலாம். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று வீட்டாரிடம் கேட்காமல் கத்தியைப் பற்றி யோசிக்கக் கூடாது. அதற்காக, விபத்தில் சிக்கி இரத்த அழுத்தம் விழுந்தவரின் வயிற்று நீரை டெங்கு என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

ஸ்கானில் நுரையீரல் அசைவு தெரியாவிட்டால் உடனே நுரையீரலைச் சுற்றி நெஞ்சறையில் காற்றுக் கசிவு என்று முடிவு கட்டுகிறார்கள். பழைய காசநோயால் நுரையீரல் ஒட்டிப்போனவரிடமும் அசைவு தெரியாது. ஆனால் மூச்சுத் திணறி, ஒரு பக்கம் காற்று நுழையாமல், இரத்த அழுத்தமும் விழுகிறதென்றால் ஸ்கான் கருவி வரும்வரை காத்திருக்க வேண்டாம், நெஞ்சறையில் சேர்ந்த காற்றை வெளியேற்றுங்கள்.

மயங்கி விழுந்த இளம்பெண்ணுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் உறுதியாகி, வயிற்றில் நீரும் தெரிந்தால், கருப்பைக்கு வெளியே கரு தங்கி வெடித்ததாகவே முதலில் கருதுங்கள். கருப்பைக்குள் தெரியும் சிறு நீர்த்திட்டைக் கரு வளரும் பை என்று நம்பி நேரத்தை விடுவது உயிரை விடுவதாகும். கரு உருவமோ அதன் கருவூண் பையோ தெளிவாகத் தெரியாதவரை அது கருப்பைக்குள் கரு தங்கியிருப்பதற்குச் சான்றாகாது.

வேறு வைத்தியசாலைக்கு அனுப்பும்போது ஸ்கான் செய்த நேரத்தைக் கடிதத்தில் எழுதுங்கள். வாயு நிறைந்திருந்ததால் இடப்பக்கம் சரியாகத் தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். அங்குள்ள வைத்தியர் அந்த இடத்தை முதலில் பார்ப்பார்.