வீடு விற்பனை ஒப்பந்தம்: விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் வீடு விற்பவர் நிரப்பித் தர, குறைகளைச் சொல்வதற்கென்று அரசுப் படிவம் எதுவும் கிடையாது. ஆனால் கடமை உண்டு. 1882-ம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் மோசடி. அதனால் படிவத்தை நாமே தயாரித்து, ஒப்பந்தத்தோடு இணைப்பாகச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு.

முதலில் காகிதங்கள். தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் மூலப் பத்திரம்), பட்டா, புல வரைபடம், கட்டட அனுமதி, சொத்துவரி ரசீது, குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம்). வங்கிக் கடனை அடைத்திருந்தாலும், அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் வைத்து அளவைப் பாருங்கள். பத்திரத்தில் 1,200 சதுர அடி, பட்டாவில் 108 சதுர மீட்டர் என்றால், பட்டாவில் ஏறக்குறைய 38 சதுர அடி குறைகிறது. இதைப் பேரம் முடிந்த பிறகு வாங்குபவரின் வக்கீல் கண்டுபிடித்தால் விலை இறங்கும்.

அடுத்தது இணைப்பு. "வீடு நல்ல நிலையில் உள்ளது" என்ற வரி யாரையும் காப்பாற்றாது. இப்படி எழுதுங்கள்: "வடக்குச் சுவரில் மழைக்காலத்தில் தரையிலிருந்து இரண்டடி வரை ஓதம் ஏறும். மாடி அறை அனுமதி வரைபடத்தில் இல்லை. கிணறு பக்கத்து வீட்டுக்கும் பொது." வாடகைக்கு இருப்பவர், நிலுவை வரி, நடக்கும் வழக்கு, பாதைத் தகராறு எல்லாம் இதில் வர வேண்டும். வழக்கு நடப்பது வில்லங்கச் சான்றில் தெரியாமலும் போகலாம். பூர்வீகச் சொத்தென்றால் பங்குதாரர் பட்டியலும் தேவை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பின் இந்துக் கூட்டுக்குடும்பத்தில் மகள்களுக்கும் பிறப்பால் பங்குண்டு. அக்கா தங்கை கையெழுத்தை "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று தள்ளுவதுதான் பல விற்பனைகள் கோர்ட் படியேறக் காரணம். ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

ஒப்பந்தத்தில் மொத்த விலை, முன்பணம், மீதி தர வேண்டிய தேதி, நான்கெல்லையுடன் சொத்து விவரம் இருக்கட்டும். வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் என்னாகும்? இந்த ஒரு வரி இல்லாததால்தான் பல சண்டை. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய அளவுக்கே அபராதம் வரும்.

முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்று புரோக்கர் சொல்வார். போதாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்தாலும் வீடு கைமாறிவிடாது. கிரையப் பத்திரம், அதாவது இறுதி விற்பனைப் பத்திரம், பதிவானால்தான் உரிமை மாறும். அதற்குரிய 7% முத்திரைத் தீர்வையும் 2% பதிவுக் கட்டணமும் வழக்கமாக வாங்குபவர் தலையில்தான். ஆனாலும் யார் தருவது என்று எழுதிவிடுங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1% வருமான வரி பிடித்துக்கொண்டுதான் தருவார். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் பிடித்தம் இதைவிட மிக அதிகம். பிடித்ததற்கான சான்றை எப்போது தருவார் என்பதையும் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். கிரையத்தன்று மின்மீட்டர் அளவைக் குறித்து இருவரும் கையெழுத்திட்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.