பழைய சிறுகதைகளைக் குறைந்த செலவில் படிக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்ச் சிறுகதையின் முதல் தலைமுறையைப் படிக்கப் பெரிய செலவே கிடையாது. வ.வே.சு. ஐயர், புதுமைப்பித்தன், கு.ப.ரா., கல்கி எழுதியதை எல்லாம் இன்று ஒரு ரூபாய் கொடுக்காமல், சட்டப்படியே படிக்கலாம். இருந்தும் "புத்தகம் விற்கிற விலைக்கு இலக்கியம் எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்று சலித்துக்கொள்பவர்கள் நிறைய. அவர்களில் பலருடைய வீட்டு அலமாரியில் ஒரு தடித்த முழுத் தொகுப்பு, நாற்பதாம் பக்கத்தில் அடையாளம் வைத்தபடி, சும்மா கிடக்கும். எதற்கு முதலில் காசு கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

ஆக, முதல் தவறு முழுத் தொகுப்பில் தொடங்குவது. புதுமைப்பித்தனையே எடுத்துக்கொள்வோம். அவர் கதைகள் நூறை ஒட்டி வரும். நல்ல பதிப்புகள் அவற்றைக் கால வரிசையில் அடுக்கியிருக்கும். ஆராய்ச்சி செய்பவருக்கு அது வசதி. புதிதாக வருபவருக்கோ ஆரம்பத்திலேயே ஆசிரியர் கை பழகிக்கொண்டிருந்த காலத்துக் கதைகள் வந்து நிற்கும். பத்திரிகைக்கு அவசரமாக எழுதிக் கொடுத்த இரண்டு மூன்று பக்கக் கதைகளும் அவற்றில் உண்டு. 1934இல் மணிக்கொடி இதழில் வந்த 'பொன்னகரம்' போல ஆளை உலுக்குகிற கதையும் நடுவே இருக்கிறதுதான், ஆனால் அதுவரை பொறுமை இருக்க வேண்டுமே.

நேராக 1943க்குப் போய்விடுங்கள். அந்த ஒரே வருடத்தில் கலைமகள் இதழில் 'காஞ்சனை', 'செல்லம்மாள்', 'சாபவிமோசனம்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்று நான்கு கதைகள் வந்தன. ஒன்று பேய்க்கதை மாதிரி. ஒன்றில் நோயாளி மனைவியும் அவளைப் பார்த்துக்கொள்ளும் கணவனும். இன்னொன்று அகலிகை மீண்டும் பெண்ணாக எழுந்த பிறகு என்ன நடந்தது என்பது. நான்காவதில் கடவுள் சென்னைக்கு வந்து கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்கிறார். நான்கும் நான்கு ரகம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம். நான்குமே ஒட்டவில்லை என்றால் அவருடைய தொகுப்பு உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். ஒரு புத்தகத்தின் விலை மிச்சம்.

இதற்கு நேர் எதிரான ஒரு தவறும் உண்டு. புத்தகம் மெலிது, விலை குறைவு என்பதற்காக மௌனியில் தொடங்குவது. அவர் எழுதியது மொத்தமே இரண்டு டஜன் கதைகளை ஒட்டித்தான். ஆனால் அந்தத் தலைமுறையிலேயே வாசகரை அதிகம் சோதிப்பவரும் அவர்தான். கொஞ்சம் பழகிய பிறகு போகலாம்.

அடுத்தது, இலவசமாகக் கிடைப்பதெல்லாம் ஒன்று என்று நினைப்பது. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும், அவர் இறந்த ஆண்டு முடிந்து மேலும் 60 ஆண்டுகளுக்கும் இருக்கும். முன்பு 50 ஆண்டுதான். 1941இல் மறைந்த தாகூரின் எழுத்துகள் பொதுவுக்கு வரும் நேரத்தில், 1992இல், சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினார்கள். 1944இல் போன கு.ப.ரா.வும் 1948இல் போன புதுமைப்பித்தனும் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டார்கள். புதுமைப்பித்தன் விஷயத்தில் அதற்கும் முன்பே, 2002இல், தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று ஆக்குவதுதான் நாட்டுடைமை. இப்படிப்பட்ட எழுத்துகளை மதுரைத் திட்டத்தின் தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் கூச்சமில்லாமல் எடுத்துப் படிக்கலாம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது, அங்கே இருப்பவை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்துத் தந்தவை. ஈழத்துக் கதைகளுக்கு, இலங்கையர்கோன், சம்பந்தன், வைத்திலிங்கம் என்ற முன்னோடிகளின் காலத்திலிருந்து தேடுபவர்கள், 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகத்துக்குப் போகலாம்.

டெலிகிராமில் சுற்றும் பிடிஎஃப் வேறு சங்கதி. அங்கே புதுமைப்பித்தனும் இன்று உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவரும் ஒரே கட்டுக்குள் கிடப்பார்கள். பின்னவருக்கு அந்தப் புத்தகத்தின் ராயல்டியே சொற்பம், அதையும் நாம் பிடுங்க வேண்டாம். மொழிபெயர்ப்புக் கதைகளில் பலரும் இடறுவார்கள். செகாவ் 1904லேயே போய்விட்டார், ஆகவே தமிழ்ச் செகாவும் இலவசம் என்று கணக்குப் போடக் கூடாது. மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, அது மொழிபெயர்த்தவரின் ஆயுளைப் பொறுத்தது. ஆங்கிலம் கைவருமானால் 1946இல் இறந்த கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் செகாவ் மொழிபெயர்ப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

இனி வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு: பாடம், அதாவது ஆசிரியர் எழுதிய வாசகம், சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் படிப்பது. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்றான பிறகு, அவசரமாக ஸ்கேன் செய்து, எழுத்துப்பிழையோடு கிண்டிலிலும் மலிவு அச்சிலும் இறக்கிவிடுகிறவர்களும் வந்துவிட்டார்கள். ஒரு பத்தி காணாமல் போயிருக்கும். எந்தப் பேச்சு யாருடையது என்று தெரியாதபடி மேற்கோள் குறி விழுந்திருக்கும். நெல்லைப் பேச்சை யாரோ 'திருத்தி' இலக்கணத் தமிழாக்கியிருப்பார்கள். நாவலில் ஒரு பத்தி போனால் சமாளிக்கலாம். ஐந்து பக்கக் கதையில் போனால் கதையே வேறாகிவிடும், நாமும் ஆசிரியர்தான் புரியாமல் எழுதியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவோம்.

கண்டுபிடிப்பது சுலபம். கதையின் முடிவில் எந்த இதழில், எந்த ஆண்டு முதலில் வந்தது என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். அதைத் தேடிப் போட்டவர் பாடத்தையும் கவனித்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு இடங்களிலிருந்து ஒரே கதையை எடுத்து, முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். புதுமைப்பித்தனுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட செம்பதிப்பு, அதாவது பாடத்தை ஒப்பிட்டுத் திருத்தமாகத் தந்த பதிப்பு, இருக்கிறது. அதை வாங்க வேண்டும் என்றில்லை, நூலகத்தில் இருந்தால் சந்தேகம் வந்த இடத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

யூடியூபில் கதை கேட்பது? முழுக்கதையையும் வரி விடாமல் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், அது நல்ல விஷயம். சுருக்கிச் சொல்பவர்களிடம்தான் ஜாக்கிரதை. கு.ப.ரா.வின் 'விடியுமா?' கதையில் தந்தி வருகிறது, அக்காவும் தம்பியும் இரவு ரயிலில் சென்னைக்குப் புறப்படுகிறார்கள். சொல்லிக் காட்ட அவ்வளவுதான். அந்த ரயில் பெட்டிக்குள் நிமிடத்துக்கு நிமிடம் நம்பிக்கை ஏறி இறங்குவதுதான் கதை, அது சுருக்கத்தில் வராது. சுருக்கம் கேட்டுவிட்டு "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவரைக் குறை சொல்லவும் முடியாது.

நூலகத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம் நெடுநாளாக இருக்கிறது: வீட்டுக்கு எடுத்துப் போக முடியாவிட்டால் பயனில்லை என்று. நாவல் வாசகருக்கு அது நியாயம். சிறுகதையோ ஒரே உட்காரலில் முடிகிற வடிவம், அங்கேயே உட்கார்ந்து படிக்கிற குறிப்புதவிப் பிரிவே போதும். சென்னையில் கன்னிமாராவும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. சின்ன ஊர்க் கிளை நூலகத்தில் ஆசிரியர் பெயரைச் சொல்லித் தேடி, இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். சாகித்திய அகாதெமியோ நேஷனல் புக் டிரஸ்டோ போட்ட பலர் கதைத் தொகுப்புகளைக் கேளுங்கள், நீங்கள் தேடிய கதை அதற்குள் இருக்கலாம். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் அதை ஏதோ ஒரு வழியில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பழைய புத்தகக் கடையில் மலிவே பொறி. இருபது ரூபாய்தானே என்று பத்து வாங்கினால் இருநூறு. முதல் பதிப்பு என்று விலை ஏற்றிச் சொன்னால் விட்டுவிடுங்கள், அது சேகரிப்பவர்களுக்கு. வாங்குமுன் பக்க எண்களைப் புரட்டிப் பாருங்கள், சில சமயம் ஒரு பாரமே, அதாவது பதினாறு பக்கம், விட்டுப்போயிருக்கும். அங்கே கண்ணில் பட்டால் விடக் கூடாதவை பழைய தீபாவளி மலர்களும், மாஸ்கோவில் அச்சான தமிழ் மொழிபெயர்ப்புகளும். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்ததோடு அந்தப் புத்தகங்கள் வருவதும் நின்றுபோயிற்று. தாளும் கட்டும் இன்னும் நன்றாகவே இருக்கும்.

சரி, அப்புறம் எதைத்தான் வாங்குவது? இலவசமாகப் படித்ததில் எந்த ஆசிரியரிடம் நீங்களாகவே திரும்பத் திரும்பப் போகிறீர்களோ அவருடைய நல்ல பதிப்பு ஒன்றை. அதற்காகச் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வெளியூரிலிருந்து பஸ் ஏறுமுன் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே வழக்கமான கழிவு 10 சதவீதம். ஐந்நூறு ரூபாய்ப் புத்தகத்தில் மிச்சமாவது ஐம்பது, அது பஸ் கட்டணத்துக்குக் காணாது. பக்கத்து ஊர்க் கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம்.