காய்ச்சல் நாளில் கீட்டோன் பார்ப்பது எப்படி?

என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு. சென்ற மாரியில் அவளுக்குக் காய்ச்சலும் சத்தியும் வந்தன. "பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லையே மகள், ஊசி போட்டால் சீனி இறங்கிவிடும்" என்றார் மாமி. நானும் இரவு இன்சுலின் ஊசியை விட்டுவிட்டேன். விடியும்போது அவள் மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தது. கீட்டோன்களில் ஒன்றான அசிட்டோன்தான் அது. மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தை அம்புலன்ஸ் கடக்கும்வரை அவள் ஆழமாக மூச்சிழுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நடந்ததைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். உன்னிச்சைக் குளத்தை நினையுங்கள். உடலின் கொழுப்புச் சேமிப்புத்தான் குளம், இன்சுலின் அதன் வான்கதவு. சிறிதளவு இன்சுலின் இருந்தாலே கதவு மூடியிருக்கும். அதுவும் அற்றுப்போனால் கொழுப்பு உடைந்து ஈரலுக்குப் பாயும். ஈரல் அதைக் கீட்டோனாக்கும். கீட்டோன் மிஞ்சினால் இரத்தம் அமிலமாகும். காய்ச்சல்தான் மழை. அழற்சியில் சுரக்கும் சைட்டோகைன்கள் என்னும் தூதுப் புரதங்களும் கோர்ட்டிசோல், அட்ரீனலின் ஹார்மோன்களும் இன்சுலினை எதிர்த்து, கொழுப்பை மேலும் உடைக்கின்றன. இந்த அமில நிலையே அழற்சியையும் கூட்டுகிறது. கிருமி இல்லாமலே வெள்ளணு எண்ணிக்கை உயர்வதுண்டு.

படி 1: சீனியைப் பாருங்கள். டெசிலீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் நின்றாலோ, சத்தி இருந்தாலோ கீட்டோனும் பார்க்க வேண்டும். சத்தி எடுக்கும் பிள்ளைக்குச் சீனி எவ்வளவு என்று யோசித்து நிற்காதீர்கள்.

படி 2: சோதனைப் பட்டையின் முனையைப் புதிய சிறுநீரில் நனைத்து, உடனே எடுத்து, விளிம்பில் தட்டுங்கள். புட்டியில் எழுதியிருக்கும் நேரம்வரை எண்ணுங்கள். என்னிடம் இருப்பதற்கு 15 வினாடி. வெளிர் நிறம் இளஞ்சிவப்பாகி, பிறகு கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். மஞ்சள் மின்குமிழின் கீழ் நான் ஒருமுறை ஏமாந்தேன். நம் ஊர் ஈரக்காற்றில் பட்டை கெட்டுவிடும், மூடியை உடனே இறுக்குங்கள்.

இந்தப் பட்டை அசிட்டோஅசெட்டேற் என்ற ஒருவகைக் கீட்டோனை மட்டுமே காட்டும். அதிகமாக ஏறுகிற மற்றக் கீட்டோனான பீட்டா ஹைட்ரொக்சிபியூட்டிரேற் இதற்குத் தெரியாது. அதனால் நிறம் வெளிறியிருக்கிறதே என்று முழுதாக ஆறுதல் கொள்ள முடியாது. இரத்தக் கீட்டோன் மானி வாங்க முடிந்தால் நல்லது: லீற்றருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே சரி, 1.5ஐத் தாண்டினால் வைத்தியரை அழையுங்கள், 3 என்றால் வைத்தியசாலைதான்.

படி 3: நீண்டநேர இன்சுலினை நிறுத்தவே வேண்டாம். அளவை வைத்தியர் சொல்லட்டும். சீனி இறங்கினால் இனிப்பு நீரைக் கொடுத்து, இன்சுலினைத் தொடர வழி கேளுங்கள். தண்ணீரை மிடறு மிடறாகக் கொடுங்கள். சீனியை 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறையும், கீட்டோனை 4 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மறுபடி பாருங்கள்.

படி 4: சத்தி நிற்காவிட்டால், மூச்சு ஆழமாகி வேகமெடுத்தால், வயிறு நொந்தால், பிள்ளை மயங்கினால் 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். முதல் வகை நீரிழிவு என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

வைத்தியசாலையில் மகளின் சீனி 250 அளவுக்கு இறங்கியபோது, இன்சுலினை நிறுத்துவார்கள் என்று மாமி நினைத்தார். தாதி குளுக்கோஸ் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் தொங்கவிட்டார். "சீனி இறங்கினால் போதாது அம்மா, கீட்டோன் போக வேண்டும்" என்றார். இரண்டும் ஒன்றாகவே சொட்டிக்கொண்டிருந்தன.