ரிமோட் டாங்கி: உலோக டிராக்கைக் கடைசியில் வாங்குங்கள்

ரிமோட்டில் ஓடும் டாங்கி வாங்கிய எவருக்கும் முதல் மாதத்திலேயே ஓர் ஆசை முளைக்கும்: சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையான டிராக், பிளாஸ்டிக்கில் இருப்பதைக் கழற்றிவிட்டு உலோகத்தில் மாட்ட வேண்டும். கனமாகத் தொங்கும், தரையில் கலகலக்கும், புகைப்படத்தில் அசல் போலவே தெரியும். எனக்கும் முளைத்தது. மாட்டிய மூன்றாம் நாள், கம்பளத்தின் மேல் வண்டியை நின்ற இடத்திலேயே திருப்பினேன். உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். வலது மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் அசையவில்லை. திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று பல்லெல்லாம் கொட்டிக் கிடந்தது.

ஒரு பாகத்தை வலுவாக்கினால், சுமை அடுத்த மெலிந்த பாகத்தின் தலையில் போய் விழும். ஆகவே மோட்டார் பக்கம் தொடங்கி வெளியே வர வேண்டும். இங்கே டைகர்-1 என்ற இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கியின் 1/16 அளவு (அசலில் பதினாறில் ஒரு பங்கு) மாதிரியை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: திறந்து பாருங்கள்

மேல்பகுதியை மெதுவாகத் தூக்குங்கள். கோபுரத்துக்குப் போகும் வயர்கள் இழுபடக் கூடாது. இடம், வலம் என இரண்டு கியர்பாக்ஸ்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். அசல் வண்டிகளைப் போலவே டைகர், பாந்தர், ஷெர்மன் ஆகியவற்றில் இவை முன்னால் இருக்கும். டி-34, லெப்பர்ட்-2 ஆகியவற்றில் பின்னால்.

படி 2: கியர்பாக்ஸ்

பணத்தை இங்கே செலவழியுங்கள். "மெட்டல் கியர்" என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. உள்ளே இருப்பது எஃகா, துத்தநாக வார்ப்பா என்று கேளுங்கள். கையில் கிடைத்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். எஃகு ஒட்டும், துத்தநாகமும் பித்தளையும் ஒட்டாது. வெளிக்கூடு வார்ப்பாக இருந்தால் பரவாயில்லை, பற்கள் எஃகாக இருக்க வேண்டும். சக்கரத்தைச் சுழற்றும் வெளித்தண்டுக்குப் பால் பேரிங் (குண்டுகள் உருளும் தாங்கி) இருக்கிறதா என்றும் பாருங்கள். டிராக்கின் இழுப்பு அந்தத் தண்டைத்தான் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

கடைகளில் கியர்பாக்ஸின் விகிதத்தை 3:1, 4:1 என்று போட்டிருப்பார்கள். எண் பெரிதானால் வேகம் குறையும், இழுவை கூடும். அசல் டைகர் சாலையில் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடியது. அதைப் 16-ஆல் வகுத்தால் இரண்டரை கிலோமீட்டர், நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. எனவே 4:1 தான் என் தேர்வு. பாய்ந்து ஓடும் டைகரைப் பார்த்தால் எனக்குப் பொம்மைக் கார் நினைவுதான் வருகிறது. எதை வாங்கினாலும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி நேராக ஓடாது.

இந்தத் தலைவலி பொம்மைக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மன் பாந்தர் டாங்கிகளை ஓட்டிய பிரெஞ்சு ராணுவம், அவற்றின் இறுதிக் கியர்கள் சராசரியாக 150 கிலோமீட்டர்தான் தாங்குகின்றன என்று 1947-இல் பதிவு செய்தது.

படி 3: பொருத்துதல்

மோட்டாரை நகர்த்தி வைக்க இடமிருந்தால், அதன் சிறு கியருக்கும் அடுத்த கியருக்கும் இடையே மெல்லிய காகிதத் துண்டைச் செருகி, இரண்டையும் நெருக்கி முடுக்குங்கள். பிறகு கியரைச் சுற்றிக் காகிதத்தை வெளியே எடுங்கள். பல் தடம் பதிந்து, காகிதம் கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. உலோகத்தில் இறங்கும் திருகுகளுக்கு, அவை தளராமல் பிடிக்கும் திருகுப் பசை ஒரு சொட்டுப் போதும். அது பிளாஸ்டிக்கில் படவே கூடாது. பட்ட இடம் விரிசல் விட்டுவிடும்.

படி 4: ஸ்ப்ராக்கெட்டும் ஐட்லரும்

பைக்குக்குச் செயின் மாற்றப் போனால் மெக்கானிக் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றச் சொல்வார். இங்கே ஸ்ப்ராக்கெட் என்பது டிராக்கை இழுக்கும் பல்சக்கரம்; அதே கணக்குதான். உலோக டிராக் பிளாஸ்டிக் பற்களை அரைத்துத் தின்றுவிடும். டிராக், ஸ்ப்ராக்கெட் இரண்டையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். கண்ணி இடைவெளி இம்மி மாறினாலும் டிராக் பல்லின் மேல் ஏறிக் குதிக்கும். மறுமுனையில், மோட்டார் இல்லாமல் சும்மா சுற்றும் ஐட்லர் சக்கரத்தைத் தாங்கும் கையும் உலோகமாக இருக்கட்டும், முன்பின் நகர்த்தும் வசதியோடு.

படி 5: இப்போது டிராக்

டைகரில் டிராக்கின் மேல்பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் கிடையாது. அது சக்கரங்களின் மேலேயே படுத்திருக்கும். ஆகவே கம்பிபோல் இழுத்துக் கட்டாதீர்கள். கொஞ்சம் தொய்வு இருந்தால்தான் மோட்டார் மூச்சுவிடும்.

படி 6: பழக்குதல்

டிராக்கைக் கழற்றி, கியர்களுக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவி, முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். திருகுகளை மறுபடி முடுக்குங்கள். டிராக்கை மாட்டி இன்னொரு பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் டிராக்கோ கியரோ இறுக்கமாக இருக்கிறது, தளர்த்துங்கள். முதல் வாரம் கம்பளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுங்கள்.