பிஎம் கிசான் தவணை நின்றுவிட்டால் என்ன செய்வது?

மன்னார்குடி பக்கத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பிஎம் கிசான் தவணை வரவில்லை என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் வேளாண்மை ஆபீஸ், வங்கி, விஏஓ என்று ஏற்கெனவே அலைந்து களைத்தவர்கள். நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவி இது: வருஷத்துக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. அதற்காக நடவு நாளில் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே சிக்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பிஎம் கிசான் தளத்தில் 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் பதிவு எண்ணைக் கொடுங்கள். எண் மறந்துபோயிருந்தால் செல்போன் எண்ணையோ ஆதார் எண்ணையோ கொடுத்து அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். லேண்ட் சீடிங் (உங்கள் நில ஆவணம் பதிவோடு இணைந்திருப்பது), இ-கேஒய்சி (நீங்கள்தான் என்று ஆதார் வழியாக உறுதிசெய்வது), ஆதார் பேங்க் சீடிங் (வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருப்பது) என்று மூன்று வரி இருக்கும். எதில் 'நோ' என்று இருக்கிறதோ, அதைச் சரிசெய்தால் போதும்.

இ-கேஒய்சி சுலபம். ஆதாரில் இணைத்த செல்போன் கையில் இருந்தால் ஓடிபியில் முடிந்துவிடும், இல்லையென்றால் கைரேகை. நாற்றுப் பறித்தே தேய்ந்த விரல்களில் ரேகை விழாது. அப்படிப்பட்ட அம்மாக்களை யாரும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டியே செய்யலாம்.

வங்கி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பதியும்போது எந்தப் பாஸ்புக்கைக் கொடுத்தோம் என்பது இப்போது கணக்கில்லை. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை மானியத்துக்கு இணைத்தீர்களோ, அதில்தான் பணம் விழும். 'வரவில்லை' என்று வந்தவர்களுக்கு மறந்துபோன இன்னொரு கணக்கில் பணம் கிடந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்த வங்கி என்பதை ஆதார் தளத்திலேயே பார்க்கலாம். எதிலும் இணையவில்லை என்றால், தபால்காரரிடம் சொல்லி அஞ்சல் வங்கியில் ஆதார் இணைத்த கணக்குத் தொடங்கிவிடுங்கள்.

லேண்ட் சீடிங்தான் கஷ்டம். பட்டா, சிட்டா, ஆதார் நகல்களோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போக வேண்டும். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் எடுத்தாகிவிட்டதா என்றும் அங்கேயே கேளுங்கள். கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயர் இருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள்.

கணவர் இறந்து நிலம் அவர் பெயரிலேயே இருந்தால், அவருடைய பதிவில் வரும் பணத்தை எடுக்காதீர்கள், பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை மாற்றிக்கொண்டு, உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். பொதுவாக 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் பெயருக்கு வந்தவர்கள் இதில் சேர முடியாது. ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் தடை இல்லை. இது தெரியாமல் பல பெண்கள் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், பிஎம் கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை, அதாவது செல்போனில் செயலியை ஏற்றும் ஃபைலை, தொடவே தொடாதீர்கள். கணக்கில் இருக்கும் பணமும் போய்விடும்.

கோயில் நிலத்திலும் அடுத்தவர் நிலத்திலும் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. சேற்றில் இறங்குபவருக்கு இல்லாமல் பட்டா வைத்திருப்பவருக்குப் போவது எனக்கு ஆறவே இல்லை. ஆனால் பயிர்க் காப்பீடு குத்தகைதாரருக்கும் உண்டு. விஏஓவிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற சான்று) வாங்கி, ஆதாரும் பாஸ்புக்கும் கொண்டுவந்தால் இ-சேவை மையத்திலேயே பதியலாம். சம்பாவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அடங்கலுக்குக் கூட்டம் சேரும் முன், அக்டோபரிலேயே விஏஓவைப் பார்த்துவிடுங்கள்.